லிட்டருக்குப் பன்னிரண்டு

மார்ச் 3, திங்கள்

வக்கீல் இந்த டைரியைக் கொடுத்தார். உரக்கடை விளம்பரம் போட்ட டைரி. பார்த்ததைத் தினமும் ஒரு தடவை எழுதிப் பழகு, டிஎஸ்பி கேட்கும்போது நாக்கு குழறாது என்றார். விசாரணை இருபத்தெட்டாம் தேதி.

எழுதுகிறேன். பிப்ரவரி 23 சாயங்காலம் எங்கள் மாமாவின் வாழைக்காய் மண்டிக்குப் பின்னால், டிரைவர் பவுன்ராஜ் பிக்கப் வண்டியின் டேங்கில் டியூப் விட்டு டீசலை உறிஞ்சிக் கேனில் பிடித்துக்கொண்டிருந்தான். என் கண்ணால் பார்த்தேன். சத்தம் போட்டேன். ஓடினான். சுவரேறிக் குதித்ததில் இடது முழங்காலும் தாடையும் உடைந்தன.

ஐந்தாறு வரிதான். மனப்பாடம் ஆகிவிட்டது.

மாமா என்றால் மொக்கராசு மாமா. அம்மாவுக்குப் பெரியப்பா மகன். தோப்பு, மண்டி, இரண்டு டிராக்டர், இந்த பிக்கப். நான் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு இரண்டு வருடமாகச் சும்மா இருந்தேன். இன்றிலிருந்து பிக்கப்புக்கு நான் டிரைவர். சின்னமனூர்த் தோப்புகளில் வாழைத்தார் ஏற்றி, கம்பம் வழியாகக் குமுளி மலையேறி, கட்டப்பனையில் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும்.

சாவி கொடுக்கும்போது மாமா சொன்னார்: “மாப்ள, லிட்டருக்குப் பன்னெண்டு குடுத்த வண்டி இது. அந்தப் பய ஒம்போதுல கொண்டாந்து நிப்பாட்டிட்டான். மிச்ச மூணும் அவன் வகுத்துக்குள்ளதான் போயிருக்கு.”

டேங்க் மூடிக்குப் புதுப் பூட்டு போட்டிருக்கிறார். அந்தச் சாவியை எனக்குத் தரவில்லை. பங்க்கில் நிரப்பும்போது அவரே வந்து திறப்பாராம்.

வண்டியைக் கழுவினேன். பின்கதவை மட்டும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. வாழைக்கறைதான். வாழைக்கறை லேசில் போகாது.

மார்ச் 4, செவ்வாய்

பவுன்ராஜ் தேனி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவன் பொண்டாட்டி செல்வராணி காலனி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் கொடுத்தாள். மொக்கராசும் அடையாளம் தெரியாத சிலரும் சேர்ந்து கட்டி வைத்து அடித்ததாக வன்கொடுமை வழக்கு. அதற்கு எதிராக மாமா கொடுத்ததுதான் டீசல் திருட்டுப் புகார். என் ஐந்தாறு வரி நின்றால் மாமா வெளியே இருப்பார். பவுன்ராஜ் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நேரே ஜெயிலுக்குப் போவான்.

அவன் தாடைக்குக் கம்பி கட்டியிருக்கிறார்கள். எழுதித் தருகிறேன் என்று கையால் காட்டினானாம். பேச்சு வரட்டும், அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போலீஸ்காரர்கள் போய்விட்டார்களாம்.

அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். தள்ளித்தான் நின்றேன்.

மார்ச் 5, புதன்

மாமா பங்க்குக்கு வந்தார். பூட்டைத் திறந்து, விளிம்பு வரை நிரப்பச் சொன்னார். போன தடவை நிரப்பியதிலிருந்து ஓடிய கிலோமீட்டரை இன்று பிடித்த லிட்டரால் வகுத்தோம்.

ஒன்பதே கால்.

மாமா இன்னொரு முறை வகுத்தார். அதே ஒன்பதே கால்.

மார்ச் 7, வெள்ளி

இன்றைக்கும் ஒன்பதே கால். பூட்டுச் சாவி மாமாவின் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது.

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். மாமா பீடியைக் காலில் மிதித்துவிட்டு, “வண்டில என்னமோ கோளாறு போலருக்கு மாப்ள. கம்பத்துல பாய்கிட்டக் கொண்டுபோய்க் காட்டு” என்றார்.

அவ்வளவுதான். எனக்குப் பயம் போய்விட்டது. கடையில் பரோட்டா வாங்கி உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. ஒன்பது வந்ததற்குப் பவுன்ராஜைக் கட்டி வைத்தார்கள். ஒன்பதே கால் வந்ததற்கு என்னை மெக்கானிக்கிடம் அனுப்புகிறார்கள். நடுவில் இருக்கும் கால் கிலோமீட்டருக்கு இவ்வளவு மரியாதையா?

மார்ச் 8, சனி

அபுதாகிர் பட்டறை கம்பம் பைபாஸில் இருக்கிறது. முப்பது வயதிருக்கும். வாயில் எப்போதும் ஒரு திருகாணி இருக்கும், அதைக் கடித்தபடியே பேசுவார்.

“வாங்க மாப்பிள. போன டிரைவருக்கு மாவுக்கட்டு, ஒங்களுக்கு வைத்தியமா?”

“வண்டியப் பாருங்க பாய்.”

“வண்டியத்தான பாக்கப் போறேன். மனுசனப் பாக்க நா யாரு?”

ஏர் பில்டரைக் கழற்றித் தரையில் தட்டினார். வாழை நாரும் செம்மண்ணும் ஒரு கைப்பிடி விழுந்தது. “மூக்கப் பொத்திக்கிட்டு மலையேறுன்னா எப்படி ஏறும்? டீசலத்தான் குடிக்கும்” என்றார். புது பில்டர் போட்டார். டயர்களில் காற்று பார்த்தார். பின் டயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு காற்றுக் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டார்.

வக்கீலின் வரிகளை இரண்டு தடவை எழுதி, கிழித்துப் போட்டேன். நன்றாகத்தான் வருகிறது.

மார்ச் 10, திங்கள்

ஒன்பதரை.

மார்ச் 11, செவ்வாய்

குமுளி மலையில் பாதி தூரம் ஏறியதும் தீய்ந்த வாடை. கண்ணாடியில் பார்த்தால் இடது பின் சக்கரத்தில் புகை. வளைவில் நிறுத்தி இறங்கி, யோசிக்காமல் சக்கரத்தில் கையை வைத்துவிட்டேன். உள்ளங்கைத் தோல் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தக்காளி வண்டி ஒன்று பின்னால் வந்து நின்றது. கூடலூர்க்காரன். என்னைவிடச் சின்னவன்.

“அண்ணே, டிரைவர் கால ஒடிச்ச வண்டிதான இது? டீசலுக்குப் பதிலா இப்ப ரத்தம் கேக்குதோ?”

கிளீனர் சிரித்தான். அதோடு விட்டிருக்கலாம். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வண்டியோடு சேர்த்து மூக்கில் குத்தினேன். வெந்த கையாலேயே குத்தினேன். அவன் உதடு கிழிந்து பல் தெரிந்தது. கீழே விழுந்த பிறகும் மிதித்தேன். கிளீனர் கல்லை எடுத்துவிட்டான். முதுகில் விழுந்தது. கேரளா பஸ் ஒன்று வந்து ஹாரன் அடித்த பிறகுதான் விட்டோம்.

வண்டியில் ஏறி உட்கார்ந்து வெந்த கையைத் துணியால் சுற்றினேன். குத்து வாங்கிய அவன் என்னைப் பார்த்த பார்வை நான் முன்பே ஒருவனிடம் பார்த்த பார்வையாக இருந்தது.

உண்மையை எழுதினாலும் யாரும் படிக்கப் போவதில்லை. அன்றைக்கு நான் தள்ளி நிற்கவில்லை. பவுன்ராஜின் வலது கையைப் பிடித்தது நான். பிடித்தது மட்டும்தான்.

மார்ச் 13, வியாழன்

அபுதாகிர் பின் டிரம்மைக் கழற்றினார். உள்ளே பிரேக் ஷூவை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் அறுந்து கிடந்தது. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் ஷூ டிரம்மை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பிரேக்கைப் போட்டுக்கொண்டே மலையேறினால் டீசல் என்ன ஆகும்?

“இது எப்ப அறுந்துச்சு பாய்?”

“தை மாசம் அவரே வந்தாரு, பவுன்ராஜ். சக்கரத்தத் தூக்கிச் சுத்திக் காமிச்சாரு. ‘பாய், கைல சுத்துனா ரெண்டு சுத்துகூட வரலை, புடிக்கிது’ன்னாரு. சரியாத்தான் சொன்னாரு. ஒங்க மாமாவுக்குப் போனப் போட்டேன். ‘ஓடுதுல்ல, ஓடட்டும்’னு வச்சுட்டாரு.”

“இப்ப மாத்திரலாமா?”

“கேட்டுட்டேன். ஒடனே மாத்துன்னுட்டாரு. மாப்பிள ஓட்டுற வண்டியில்ல?”

இரண்டு பக்கமும் ஷூ, ஸ்பிரிங், சிலிண்டர் எல்லாம் புதிதாகப் போட்டோம். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினேன். நிற்காமல் சுற்றியது.

பவுன்ராஜ் என்னைவிடப் பத்து வயது மூத்தவன். நான் ‘வாடா, போடா’ என்றுதான் கூப்பிடுவேன். அவன் என்னை ‘தம்பி, வாங்க’ என்பான். அபுதாகிர் அவனை ‘அவரு’ என்று சொன்னது காதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

மார்ச் 15, சனி

பத்தரை. பன்னிரண்டுக்கு இன்னும் ஒன்றரை வேண்டும்.

மார்ச் 17, திங்கள்

மண்டியில் வக்கீல் முன்னால் ஒத்திகை. வக்கீல்தான் டிஎஸ்பி.

“நீ எங்க நின்ன?”

“மண்டிக்குப் பின்னாடி சார்.”

“என்ன பாத்த?”

“டியூப் விட்டு உறிஞ்சுனான் சார்.”

“கேன் என்ன கலரு?”

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா “மஞ்ச” என்றார். வக்கீல் “கருப்பா இருக்கட்டும், மண்டில ஒண்ணு கெடக்கு, எடுத்துக் குடுத்துரலாம்” என்றார். கருப்பு என்று முடிவானது.

வக்கீல் போன பிறகு மாமாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். “பிரேக் பத்தித் தை மாசமே பவுன்ராஜ் சொன்னானாம் மாமா. பாய் உங்களுக்குப் போன்கூடப் பண்ணாராம்…”

அடி விழுந்தது தெரியவில்லை. காதுக்குள் ஊய் என்று சத்தம் வந்த பிறகுதான் கன்னம் எரிந்தது. எச்சிலில் ரத்தம் வந்தது.

“அவஞ் சொன்னான், இவஞ் சொன்னான்னு இன்னொரு தடவ எங்கிட்ட வந்து நின்ன, ஒன்னயும் அதே பின்கதவுல கட்டுவேன். போய்த் தார ஏத்துடா.”

போய் ஏற்றினேன். நூற்று எண்பது தார். ஒன்றரை டன் வண்டியில் இரண்டரை டன்.

மார்ச் 19, புதன்

பத்தரைக்கு மேல் ஏறவே இல்லை. கசிவு இல்லை. பிரேக் பிடிக்கவில்லை. பூட்டு அப்படியே இருக்கிறது. எங்கேதான் போகிறது?

இன்று காலியாகத் திரும்பும்போது கம்பத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டோரக் கிலோமீட்டர்க் கல்லைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு கல்லில் மீட்டரைக் குறித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். இருபது கல் தாண்டியபோது மீட்டர் பதினெட்டு என்றது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் மறுபடி ஓட்டினேன். இருபதுக்குப் பதினெட்டு.

அபுதாகிரிடம் போனேன். அவர் திருகாணியைத் துப்பிவிட்டுப் பின் டயரைக் காட்டினார்.

“இப்பவாச்சும் கேட்டீங்களே. தீவாளி சமயத்துல ஒங்க மாமா பின்னாடி ரெண்டுக்கும் பெரிய வண்டிச் சக்கரத்தப் போட்டாரு, டிஸ்க்கோட. பாரம் ஏத்துனா வண்டி குந்தக் கூடாதுன்னு. மீட்டர் என்ன பண்ணும்? சக்கரம் எத்தன சுத்து சுத்துச்சுன்னுதான் எண்ணும். பெரிய சக்கரம் ஒரு சுத்துக்கு அதிக தூரம் ஓடிரும். மீட்டர் பழைய சக்கரத்துக் கணக்கையே சொல்லிக்கிட்டிருக்கும்.”

அதாவது வண்டி இருபது கிலோமீட்டர் ஓடியிருக்கும், மீட்டரில் பதினெட்டுதான் இருக்கும். பத்தரையை இருபதால் பெருக்கிப் பதினெட்டால் வகுத்தேன். பதினொன்று புள்ளி ஏழு. மிச்சம் இருக்கும் அந்தக் கொஞ்சமும் பாரத்துக்குச் சரியாகப் போகும்.

சக்கரம், பிரேக், பில்டர், பாரம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டேன். பவுன்ராஜ் ஓட்டிய நாளில் ஒரு சொட்டு டீசல்கூட வெளியே போகவில்லை.

“அன்னைக்கே ஏன் பாய் சொல்லல? எட்டாம் தேதி இந்த டயரப் பாத்துக்கிட்டே நின்னீங்களே.”

“பவுன்ராஜ் சொல்லி என்ன ஆனாருன்னு ஊருக்கே தெரியும். நா வேற எதுக்கு? எனக்கும் ரெண்டு முழங்காலுதான் இருக்கு.”

மார்ச் 21, வெள்ளி

மாமா தோப்பில் தனியாக இருந்தார். சொன்னேன். கன்னத்தைக் காப்பாற்ற இரண்டடி தள்ளி நின்றுதான் சொன்னேன். கல்லு, மீட்டர், சக்கரம் எல்லாவற்றையும் சொன்னேன்.

சிரித்தார்.

“இதக் கண்டுபிடிக்கவாடா மூணு வாரம்? பத்து வருசம் லாரில மிதிச்சவன் நா. பெரிய சக்கரம் மாட்டுனா மீட்டர் கொறச்சுக் காட்டும்னு எனக்குத் தெரியாதா?”

“தெரியுமா மாமா?”

“மொதல்ல நெனவு வரல. அவந்தான் எடுத்துட்டான்னு ஒம்போதுக்குத் திட்டுனேன். அப்பறம் அவன் சொல்லவும் வெளங்கிருச்சு.”

“பெறகு எதுக்கு மாமா…”

“எதுக்கா? ஏத்துக்கூலி ஆளுக எட்டுப் பேரு நிக்கிறாய்ங்க. அவனுங்க முன்னாடி சாக்பீஸ எடுத்துச் சக்கரத்துல ஒரு கோடு, தரையில ஒரு கோடு. வண்டிய ஒரு சுத்து தள்ளச் சொல்றான். ‘மொதலாளி, குனிஞ்சு பாருங்க, இவ்வளவு தூரம் மீட்டர்ல வராது’ங்குறான். என்னையக் குனியச் சொல்றான்டா! வாய மூடுறான்னேன். ‘மூடிக்கிறேங்க, ஆனா ஒங்க கணக்கு தப்புங்க’ன்னான். எவஞ் சொல்றது? எங்க அப்பன் முன்னாடி இவன் அப்பன் துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு நிப்பான்.”

ஒரு காய்ந்த மட்டையை இழுத்து அறுத்துப் போட்டார். அரிவாளை என் பக்கம் நீட்டி, “இருபத்தெட்டாந்தேதி வக்கீல் சொன்னதச் சொல்லு. கேன் கருப்பு” என்றார்.

அந்தச் சாக்பீஸ் கோட்டை நானும் பார்த்தேன். தரையில் இருந்ததை யாரோ செருப்பால் தேய்த்து அழித்தார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

தேனி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு சீப்பு பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனேன். எவ்வளவு மடத்தனம்! தாடை கட்டியவனுக்குப் பழம்.

செல்வராணி என்னைப் பார்த்ததும் எழுந்து கட்டிலுக்குக் குறுக்கே நின்றாள். கையில் கஞ்சித் தம்ளர்.

“எதுக்கு வந்த? மிச்சக் காலு இருக்கேன்னா?”

“ஒரு விசயம் சொல்ல வந்தேன்.”

“நீங்க சொன்ன விசயம் எல்லாம் இந்தா கெடக்கு” என்று போர்வையைத் தூக்கிவிட்டாள். முழங்காலுக்கு மேலும் கீழும் இரும்புக் கம்பிகள் சதைக்குள் நுழைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கம்பி நுழைந்த இடங்களில் சீழ் கட்டியிருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. “பாருடா!” என்று கத்தினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள்.

பவுன்ராஜ் கையை அசைத்தான். அவளை உட்காரச் சொன்னான். பல்லைக் கடித்தபடிதான் பேச முடியும், கம்பி அப்படிக் கட்டியிருக்கிறது.

“சொல்லு” என்றான். ‘சொல்லுங்க’ இல்லை.

சக்கரம் பெரியது, பிரேக் பிடித்தது, நீ எடுக்கவில்லை, கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். அவன் தொண்டைக்குள் என்னவோ உருண்டது. சிரிக்கிறான் என்று புரியக் கொஞ்ச நேரமானது.

“நீ கண்டுபுடிச்சியா?” என்றான். கோழை வழிந்தது. செல்வராணி துடைத்தாள்.

“ஒங்கிட்டத்தானப்பா அன்னைக்குப் பூராம் கத்துனேன். டயரு, டயருன்னு. நீ கேட்டுக்கிட்டுத்தான நின்ன?”

“டிஎஸ்பிகிட்டச் சொல்றேன்.”

“எதச் சொல்லுவ?”

“நீ திருடலன்னு.”

“நா திருடலன்னு எனக்குத் தெரியும். ஸ்பேனரு யாரு கைல இருந்துச்சுன்னும் எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியுமா?”

நான் எழுந்து வந்துவிட்டேன். ஹார்லிக்ஸ் பாட்டிலைச் செல்வராணி என் முதுகின் மேல் எறிந்தாள். வராண்டாவில் உடைந்து, என் செருப்பெல்லாம் கண்ணாடித் தூள்.

மார்ச் 25, செவ்வாய்

வக்கீலின் வரிகளை இன்று எழுதவில்லை.

பிப்ரவரி 23, சாயங்காலம் ஐந்து மணி. கேன் இல்லை. டியூப் இல்லை. யாரும் சுவரேறவில்லை. பவுன்ராஜ் கோடு போட்டுக் காட்டினான். மாமா வாயை மூடச் சொன்னார். அவன் கணக்கு தப்பு என்றான். மாமா செருப்பைக் கழற்றினார்.

தார் கட்டும் கயிற்றால் பின்கதவின் இரண்டு கொக்கியிலும் அவன் கைகளைக் கட்டினோம். வலது கையைக் கட்டியது நான். நன்றாகத்தான் கட்டினேன், மூன்று முடிச்சு. மாமா செருப்பால் முகத்தில் அடித்தார். மண்டி ஆட்கள் இரண்டு பேர் மூங்கில் கழியால் முதுகில் அடித்தார்கள். மூங்கில் பிளந்ததும் வேறு எடுத்தார்கள். ஏத்துக்கூலி ஆட்கள் எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் மூன்று பேர் அவன் காலனிக்காரர்கள். தலையைக் குனிந்து, ஏற்கெனவே எண்ணிய தாரையே திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மாமாவுக்கு மூச்சு வாங்கியது. வண்டிச் சாவியை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார். “வண்டி வேணும் வேணும்னு அலைஞ்சியேடா மாப்ள. வேணுமா? அப்ப அடி.”

வீல் ஸ்பேனர் டூல்பாக்ஸுக்குள் இருந்தது. யாரும் எடுத்துத் தரவில்லை. நானே திறந்து எடுத்தேன்.

முழங்காலில் இரண்டு தடவை அடித்தேன். முதல் அடிக்குப் பச்சைக் கரும்பை ஒடித்த மாதிரி சத்தம் வந்தது. இரண்டாவது அடிக்குச் சத்தமே இல்லை, ஈரச் சாக்கில் அடித்த மாதிரி இருந்தது. அவன் தொங்கினான். தொங்கிக்கொண்டே பேசினான். மாமாவிடம் இல்லை, என்னிடம் பேசினான்.

“தம்பி, டயரு பெருசு தம்பி. நீங்க படிச்சவுங்க. நீங்களாச்சும் அந்தக் கோட்டப் பாருங்க.”

பார்த்தேன். பார்த்தவுடனே புரிந்துவிட்டது. இரண்டாம் வருடப் பாடம் அது. இந்த மூன்று வாரம் நான் பில்டரைத் தட்டியதும், கல்லை எண்ணியதும், எதையும் கண்டுபிடிக்க அல்ல. அன்றைக்கே எனக்குத் தெரியும். எல்லோருக்கும் முன்னால் அவன் என்னைச் சாட்சிக்கு இழுக்கிறான், எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், சாவி மாமா கையில் இருக்கிறது.

அதன் பிறகு அவனால் பேச முடியவில்லை. தாடையில் அடித்தது யார் என்று தெரியவில்லை. கூட்டமாக இருந்தது.

மார்ச் 27, வியாழன்

மாமாவிடம் போய், கேன் பார்த்ததாகச் சொல்ல மாட்டேன் என்றேன். முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் போல இருந்தது.

மண்டிக் கதவைச் சாத்தினார்கள். அதே இரண்டு பேர். கயிறு கட்டவில்லை, எங்கள் ஆள் அல்லவா. தரையில் தள்ளி மிதித்தார்கள். விலாவில் ஒன்று போயிருக்கும், மூச்சை இழுத்தால் குத்துகிறது. முன்பல் ஒன்று ஆடுகிறது. மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினார்.

“ஸ்பேனர எடுத்தது யாருடா? நா எடுத்துக் குடுத்தனா? நீ வாயத் தொறந்தா உள்ள போறது நீதான். எனக்கு வக்கீல் இருக்கான். ஒனக்கு யாரு இருக்கா?”

உண்மைதான். யாரும் இல்லை. வண்டிச் சாவியைத் தரையில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

நாளைக் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு சட்டை, ஒரு லுங்கி, சோப்பு எடுத்து வைத்துவிட்டேன். அம்மா மாமா வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறாள்.

விசாரணை டிஎஸ்பி அலுவலகத்தில் நடந்தது. பவுன்ராஜை ஆட்டோவில் கொண்டுவந்து, சுவரோரப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார வைத்திருந்தார்கள். செல்வராணி பக்கத்தில் நின்றார். மாமாவும் வக்கீலும் வெளியே நின்றார்கள்.

சக்கரத்தைப் பற்றிச் சொன்னேன். பிரேக்கைப் பற்றிச் சொன்னேன். பூட்டுப் போட்ட பிறகும் ஒன்பதே கால்தான் வந்தது என்று சொன்னேன். கேன் கிடையாது, நான் பார்த்ததாகச் சொன்னது பொய் என்றேன். எனக்குச் சரளமாகத்தான் வந்தது. டிஎஸ்பி குறுக்கே பேசாமல் கேட்டார். ரைட்டர் எழுதிக்கொண்டே வந்தார்.

“சரி. அப்ப அடிச்சது யாரு?”

மாமா பெயரைச் சொன்னேன். அந்த இரண்டு பேரின் பெயரைச் சொன்னேன்.

“அவ்வளவுதானா?”

பவுன்ராஜ் என்னைப் பார்க்கவில்லை. தன் முழங்கால் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானும் சார். வீல் ஸ்பேனரால அடிச்சேன்.”

டிஎஸ்பி பேனாவை மேசையில் வைத்தார். “என்ன சொல்றன்னு தெரிஞ்சுதான் சொல்றியா? நீ சாட்சியா வந்தவன். இத எழுதிட்டா நீ குற்றவாளி.”

“தெரியும் சார்.”

“எத்தன அடி?”

“ரெண்டு சார். முழங்கால்ல.”

ரைட்டர் எழுதினார். எழுதி முடித்து, கையெழுத்துப் போடுவதற்குத் தாளை என் பக்கம் திருப்பினார். நான் பேனாவை எடுத்தேன்.

“மூணு.”

பெஞ்சிலிருந்து வந்தது. பல்லைக் கடித்த குரல், ஆனால் தெளிவாக இருந்தது. செல்வராணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டிஎஸ்பி என்னைப் பார்த்தார். “ரெண்டா, மூணா?”

“மூணு சார்.”

“மூணாவது எங்க?”

கையைத் தூக்கி என் தாடையைத் தொட்டுக் காட்டினேன்.

“வாயால சொல்லு. எழுதணும்.”

“தாடைல சார். அவரு டயரு, டயருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. பேச்சு நிக்கணும்னு அடிச்சேன்.”

ரைட்டர் தாளைத் தன் பக்கம் இழுத்து, ‘இரண்டு’ என்று எழுதியதை ஒரே கோடாக அடித்தார். மேலே ‘மூன்று’ என்று எழுதினார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்து, இங்கே தனியாக ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். போட்டேன்.